பீங்கான் பல் உறை: ரங்கூன்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லின் மேல் தொப்பிபோல் மாட்டும் பல் உறையைப் போட்டுக்கொள்ள வருபவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை வருடம் தாங்கும், டாக்டர்?" என்பதுதான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் 100-இல் 90-க்கு மேற்பட்ட பீங்கான் உறைகள் வாயில் நிலைத்திருக்கின்றன. உறைக்குள் இருக்கும் பல் எத்தனை வருடம் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. பீங்கான் சொத்தையாகாது, பல் சொத்தையாகும். உறையும் பல்லும் சேரும் விளிம்பில் அழுக்குத் தேங்கினால், உறை பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பல் உளுத்துப்போகும். "உறை போட்டாயிற்று, இனி அந்தப் பல்லுக்குக் கவலையில்லை" என்று நினைப்பதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

நம் ஊரில் இந்த விளிம்புக்கு முதல் எதிரி வெற்றிலை. மெருகு குலையாத பீங்கானில் கறை எளிதில் ஏறாது. ஆனால் சுண்ணாம்பும் பாக்குத் துகளும் சேருமிடத்தில் பற்காரை (பல்லில் கெட்டியாகப் படியும் அழுக்கு) கட்டி, ஈறு இறங்கி, மறைந்திருந்த விளிம்பு வெளியே தெரியும். அங்கே செம்பழுப்புக் கோடு விழுந்ததும் "மட்டமான உறையைப் போட்டுவிட்டார்" என்று மருத்துவரைத் திட்டுவார்கள். கோடு விழுந்தது உறையில் அல்ல, அதன் ஓரத்தில். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. பல்லுக்காக இல்லாவிட்டாலும் வாய்க்காகவாவது அதை விடலாம். விட முடியாதவர்கள், உறை போட்ட பக்கமாகவே அடக்கி மெல்லும் பழக்கத்தையாவது மாற்றிக்கொள்ள வேண்டும். லாப்பெட் என்ற பர்மியத் தேயிலைக் கலவையில் போடும் வறுத்த பயறுகளும் கடினமானவைதான், முன்பல் உறையால் அவற்றைக் கடிக்க வேண்டாம்.

அடுத்தது அவசரம். கோயில் தரிசனத்துக்கோ கல்யாணத்துக்கோ சென்னை போகிறவர்கள், திரும்பும் விமானத்துக்குள் பல்லையும் முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். உறையை ஒட்டிய பிறகு கடி சரியாக இருக்கிறதா என்பது சில நாள் சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். கொஞ்சம் உயரமாக இருந்தாலும் மெல்லும்போது வலிக்கும், மேல் பூச்சுப் பீங்கான் தெறிக்கும். உயரத்தைத் தேய்த்துக் குறைத்த இடத்தை மீண்டும் மெருகேற்றாமல் விடுவதும் தவறே. சிர்கோனியா என்ற கடினமான பீங்கான் வகை சொரசொரப்பாக இருந்தால் எதிர்ப்பல்லை அராவித் தின்றுவிடும். நன்றாக மெருகேற்றியது அந்த அளவுக்குக் கெடுக்காது. ஊருக்கு வந்த பிறகு இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

"எனக்குச் சிர்கோனியாதான் வேண்டும், அதுதான் பலம்" என்பது இன்னொரு பிடிவாதம். ஒரே கட்டியாகக் கடைந்தெடுக்கும் சிர்கோனியாவின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும் விசையில் உடையாமல் தாங்கும் அளவு, சுமார் 1,000 மெகாபாஸ்கல். லித்தியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடி வகைப் பீங்கானுக்கு ஏறக்குறைய 400. கடைவாய்ப் பல்லுக்கு முதலாவது நல்லதுதான். முன்பல்லில் பலத்தைவிட ஒளி ஊடுருவும் தன்மை முக்கியம். அங்கே இரண்டாவது பெரும்பாலும் இயல்பாக இருக்கும். பலத்துக்காக முன்பல்லில் சுண்ணாம்புக் கட்டி போன்ற வெள்ளையை வாங்கிக்கொண்டு பிறகு சிரிக்கவே கூச்சப்படுகிறவர்கள் உண்டு.

திருப்தி குலைவது பெரும்பாலும் நிறத்தில்தான். நிறத்தை டியூப்லைட்டின் கீழ் தேர்ந்தெடுக்காதீர்கள். வாயை நெடுநேரம் திறந்து வைத்தால் பல் உலர்ந்து வெளுத்துத் தெரியும். ஆகவே தொடக்கத்திலேயே, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பல்லை வெளுப்பாக்கும் எண்ணமிருந்தால் உறைக்கு முன்பே செய்துகொள்ளுங்கள். வெளுப்பு மருந்தால் பீங்கானின் நிறம் மாறாது.

இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது. சொன்னால், தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் இரவுக் காப்புத் தட்டு செய்து கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யப் போகும்போது, எந்தப் பல்லில் உறை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபுளூரைடு பூசுவதாக இருந்தால் அமிலம் கலக்காத வகையைக் கேளுங்கள். அமில வகை ஜெல் பீங்கானின் மெருகை அரித்துவிடும்.