கொங்கு நாட்டுக்கு வரும் பேலியோக்காரர்களுக்கு: கலோரி, புரதக் கணக்கு

டொரன்டோவிலோ சிங்கப்பூரிலோ ஒழுங்காக நடந்த பேலியோ (தானியமும் பருப்பும் ஒதுக்கும் ஆதிமனித உணவுமுறை) கணக்கு, கோவையில் இறங்கிய முதல் வாரத்திலேயே உதைக்கும். பலரும் சோற்றைக் குற்றம் சொல்வார்கள். சோறு கண்ணுக்குத் தெரிகிறது, ஒதுக்கிவிடலாம். குழம்பில் அரைத்து ஊற்றிய தேங்காயும் தாளித்த கடலை எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே எலும்பில்லாத கோழிப் பாக்கெட்டில் சத்து விவரம் அச்சடித்து வரும். இங்கே நாட்டுக்கோழியை உயிர் எடைக்கு வாங்கி, தோலோடு மஞ்சள் தடவி வாட்டி, எலும்போடு வெட்டித் தருவார்கள். அதே எண்களை இங்கே தூக்கிவந்தால் புரதம் குறையும், கொழுப்பு ஏறும்.

அதனால் ஊரில் இருக்கும் நாட்களுக்கு இலக்கைப் புதிதாகப் போடுங்கள். முதலில் ஓய்வுநிலைச் செலவு, அதாவது சும்மா இருந்தாலே உடம்பு ஒரு நாளில் எரிக்கும் கலோரி. எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள், உயரத்தைச் செ.மீ.யில் எடுத்து 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். இது மிஃப்ளின் செயின்ட் ஜியோர் வாய்பாடு. வருவதை, பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவர் 1.2-ஆலும், தினம் கொஞ்ச தூரம் நடப்பவர் 1.375-ஆலும் பெருக்கினால் ஒரு நாள் செலவு கிடைக்கும். விடுமுறையில் காரிலேயே ஊர் ஊராகப் போகிறவர் வெளிநாட்டில் ஜிம்முக்குப் போன கணக்கில் 1.55 போட்டுக்கொள்வதுதான் முதல் பிழை.

82 கிலோ, 172 செ.மீ., 45 வயது ஆண்: 820 + 1075 − 225 + 5 = 1675. அதை 1.375-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2300. எடை குறைய வேண்டுமென்றால் 300 கழித்து 2000 வைக்கலாம். ஊரில் அதற்கு மேல் கழிக்க வேண்டாம். மூன்றாம் நாள் விருந்தில் பசி பழிவாங்கிவிடும்.

இந்த 2000-த்தைப் பிரிக்கும்போது சதவீதத்தை மறந்துவிடுங்கள். புரதத்துக்கு ஒரு தரை (அதற்குக் கீழே போகக் கூடாது), மாவுச்சத்துக்கு ஒரு கூரை (அதைத் தாண்டக் கூடாது), கொழுப்பு மீதி. புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. எட்ட நினைக்கும் எடை 72 கிலோ என்றால் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் 115 கிராம் புரதம், அதாவது 460 கலோரி. மாவுச்சத்து 100 கிராம், 400 கலோரி. மீதி 1140-ஐ 9-ஆல் வகுத்தால் 127 கிராம் கொழுப்பு. 68 கிலோ, 158 செ.மீ., 52 வயதுப் பெண்ணுக்கு இதே வழியில் செலவு 1700-ஐ ஒட்டி வரும். 1500 கலோரி இலக்கில் புரதம் 95, மாவுச்சத்து 80, கொழுப்பு 89 கிராம்.

மாவுச்சத்துக்கு 100 கிராமா என்று, நாளுக்கு 40 கிராம் மாவுச்சத்தோடு பேலியோவில் இருப்பவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் பேலியோ பேச்சுக்கே தொடக்கமாக இருந்த 1985-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆய்வாளர்கள் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் ஆதிமனித உணவை 34 சதம் புரதம், 45 சதம் மாவுச்சத்து, 21 சதம் கொழுப்பு என்றுதான் மதிப்பிட்டார்கள். தானியம் இல்லை என்பதுதான் அடிப்படை, கிழங்கும் பழமும் இல்லை என்பதல்ல. 100 கிராமில் 200 கிராம் சர்க்கரைவள்ளி (40 கிராம்), இரண்டு பூவன்பழம் (ஏறக்குறைய 30), காய்கறி, தேங்காய் எல்லாம் அடங்கும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) கவனம்: 100 கிராமிலேயே 38 கிராம் மாவுச்சத்து. நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். கம்பங்கூழும் ராகிக் களியும் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் அன்பாக வைப்பார்கள், அவையும் தானியமே. அரிசியோ கம்போ ராகியோ, 100 கிராம் தானியத்தில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. நாட்டுச்சர்க்கரையும் அப்படித்தான், கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சமம்.

இனி அடுப்படி. உண்மையான கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு சிறு டிஜிட்டல் தராசு பெட்டியில் வரட்டும். வந்த மறுநாளே அடுப்படியில் எண்ணெய் ஊற்றும் கரண்டியில் தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக் குழிக்கரண்டியும் ஒவ்வோர் அளவு, ஊகிக்க முடியாது. எண்ணெய் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு என்பதால் தண்ணீர் எடையில் பத்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 13 முதல் 14 கிராம், 120 கலோரி. செக்கில் ஆட்டியதானாலும் அதே 120. நிலக்கடலை பருப்பு இனம் என்பதால் கறாரான பேலியோவில் கடலை எண்ணெய் கிடையாது. உங்கள் பங்குக்குக் காங்கேயம் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டால் கேள்வி முடிந்தது.

தேங்காய் அடுத்தது. 100 கிராம் பச்சைத் தேங்காயில் 354 கலோரி, 33 கிராம் கொழுப்பு. பொள்ளாச்சிக் காய் ஒரு மூடியில் 150 கிராமுக்குக் குறையாமல் இருக்கும், அதாவது 530 கலோரி. நான்கு பேர் குழம்புக்கு ஒரு மூடி அரைத்தால் ஆளுக்கு 130 ஆகிறது. பொரியலில் தூவியதும் காலைச் சட்னியும் சேர்ந்தால் நாள் முடிவில் 100 கிராம் தேங்காய் சர்வசாதாரணம். சட்னி என்றால் பொட்டுக்கடலை போடாமல் அரைக்கச் சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன 127 கிராம் கொழுப்பு எப்படித் தீர்கிறது என்று பாருங்கள். நான்கு முட்டையில் 20, சமைத்த கோழிக்கறி 200 கிராமில் தோலைப் பொறுத்து 15, தேங்காய் 100 கிராமில் 33, சமையல் எண்ணெய் மூன்று டேபிள்ஸ்பூனில் 41, பாதாம் 30 எண்ணத்தில் 18. கூட்டினால் சரியாக 127. வெண்ணெய்க்கும் நெய்க்கும் இடமே இல்லை! தமிழ்ப் பேலியோவில் காலை உணவாகப் பழகிப்போன 100 பாதாம் 120 கிராம் எடை, ஏறக்குறைய 700 கலோரி. தேங்காய் அரைக்காத ஊர்ச் சமையலுக்கு அது பொருந்தும்; கொங்கு வீட்டில் 30-ஐத் தாண்டக் கூடாது. இந்தப் பட்டியலில் புரதம் 90 கிராமை ஒட்டித்தான் வருகிறது. மீதி 25-க்கு இரவில் 100 கிராம் மீனோ கறியோ சேர்த்து, எண்ணெயில் அரை டேபிள்ஸ்பூன் குறையுங்கள்.

கறிக்கடையில் எடை ஏமாற்றும். உயிர் எடை ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழி சுத்தம் செய்தபின் ஒரு கிலோ அளவில் நிற்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு எலும்பு. மிஞ்சும் 650 கிராம் பச்சைக் கறியில் புரதம் 130 கிராம். வெந்தபின் எடை கால் பங்குக்கு மேல் சுருங்கும், புரதம் அப்படியே இருக்கும். ஒரு கிலோ கோழியை நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 32 கிராம் புரதம்தான். "அரைக் கிலோ கோழி சாப்பிட்டேன், 100 கிராம் புரதம்" என்று செயலியில் எழுதுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில். ஆட்டுக்கறிக்கும் எலும்புக் கழிவு ஏறக்குறைய அதே. வெள்ளாட்டுக் கறி செம்மறியைவிடக் கொழுப்புக் குறைந்தது, கேட்டு வாங்குங்கள். ஞாயிறு காலை நேரத்திலேயே போனால் ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) கிடைக்கும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். வாரம் ஒரு முறை போதும், கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

நல்ல செய்தி, நாமக்கல் முட்டை எந்த மளிகைக் கடையிலும் உண்டு. ஒன்றில் 6 கிராம் புரதம், 70 கலோரி. பவானிசாகர், மேட்டூர் பக்கம் போனால் அணை மீன் கிடைக்கும்; பொரிக்காமல் குழம்பாகக் கேளுங்கள். ஓட்டலில் பள்ளிபாளையம் சிக்கனைத் தைரியமாகக் கேட்கலாம்: சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல், மாவு கிடையாது. எண்ணெய் தட்டில் நிற்கும், அதை விட்டுவிடுங்கள். சில்லி சிக்கனில் சோளமாவு உண்டு. கோவைத் தள்ளுவண்டிக் காளான் பெரும்பாலும் முட்டைக்கோசும் மைதாவும்தான். கலக்கி பேலியோவுக்குப் பொருந்தினாலும் முட்டை உள்ளே வேகாமல் இருக்கும். பயணத்தில் வயிறு கெடாமல் இருக்க முழு வேக்காட்டில் ஆம்லெட் நல்லது.

உறவினர் வீடுகளில் கணக்கைக் கெடுப்பது சாப்பாட்டைவிட டீதான். பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்து ஒரு டம்ளர் 100 கலோரி. ஒரே நாளில் ஐந்து வீடு போனால் 500 கலோரி, மாவுச்சத்து 70 கிராம் வரை. வேண்டாம் என்றால் மனம் நோகும். "வரக்காப்பி குடுங்க, இனிப்பு போடாம" என்றால் நோகாது. இலையில் உட்கார்ந்தபின் மறுப்பதைவிட முன்னாலேயே "அமுச்சி, சோறு வேண்டாங்க, கறியும் சாறும் மட்டும் வையுங்க" என்று சொல்லிவிடுவது மரியாதை. கொள்ளுப் பருப்பும் பச்சைப்பயறு கடைசலும் பேலியோவில் இல்லை. ஆனாலும் விருந்தாளியாக ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சோற்றைவிட ஒரு சிறு கிண்ணம் கொள்ளு மேல், எழுதிக்கொண்டால் போதும்.

பயணத் தேதி போடும்போதே புரட்டாசியைப் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பல வீடுகளில் கறி ஏறாது, சில வீடுகளில் முட்டையும் கிடையாது. வீட்டு விரதத்தை மீற வேண்டாம். பால் பொருள் சேர்ப்பவர்கள் பனீரை நம்பலாம், 100 கிராமில் 18 கிராம் புரதம்; ஆனால் கூடவே 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் வரும் என்பதால் தேங்காயைப் பாதியாக்க வேண்டும். அந்த மாதத்துக்குப் புரதத் தரையை 80-க்கு இறக்கிக்கொள்வது நேர்மையான தீர்வு. கல்யாணப் பந்தி சைவம்; பொரியல், கூட்டு, தயிரோடு எழுந்துவிட்டு அறையில் வைத்திருக்கும் அவித்த முட்டையைச் சாப்பிடலாம்.

மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தவர்களுக்கு முதல் வாரம் உப்பும் நீரும் இறங்கும். பங்குனி, சித்திரை வெயிலும் சேர்ந்தால் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு வரும். எலும்புச் சாற்றில் உப்பைக் குறைக்காதீர்கள். பொள்ளாச்சி இளநீர் ஒன்று 60 முதல் 100 கலோரி வரை. அன்றைக்கு ஒரு பழத்தைக் கழித்துவிட்டுக் குடியுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீரகக் குறை உள்ளவர்கள் உப்பையும் இளநீரையும் புரதத்தையும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு மாவுச்சத்து குறைந்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழும். அதே நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். மருந்தின் அளவை மாற்றுவது பற்றி மருத்துவரோடு பேச்சு விமானம் ஏறுமுன் முடிந்திருக்க வேண்டும்.

எடையை இறங்கிய அன்று பார்க்காதீர்கள், நீண்ட பயணத்தில் உடம்பு நீர் கோத்திருக்கும். நான்காம் நாள் காலையில் தொடங்கி, தினமும் கழிப்பறை போய்வந்தபின் பார்த்து வாரச் சராசரி எடுங்கள். இரண்டாம் வாரச் சராசரி முதல் வாரத்திலிருந்து இறங்கவில்லை என்றால் கறியில் கை வைக்காமல் எண்ணெயில் ஒரு டேபிள்ஸ்பூனும் தேங்காயில் 30 கிராமும் குறையுங்கள். 220 கலோரிக்கு மேல் அதிலேயே போய்விடும்.