டாக் என்சைமுக்கும் ஐஸ் வேண்டும்

"95 டிகிரியையே தாங்குகிற டாக்குக்கு ஐஸ் எதற்கு?" குமுளிப் பக்கத்தில் ஏல இலையோடு பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் பலமடங்கு பெருக்கும் முறை) பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். கட்டாயம் வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த தெர்மஸ் அக்வாடிகஸ் பாக்டீரியாவின் டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைம்தான் டாக், 72 டிகிரி வாக்கில் வேகமாக ஓடும், ஆனால் அறை வெப்பத்திலும் கொஞ்சம் வேலை செய்யும். அந்த நேரத்தில் பிரைமர் (நகல் தொடங்கும் இடத்தில் ஒட்டும் சின்ன டிஎன்ஏ துண்டு) தப்பான இடத்தில் ஒட்டியிருந்தால் அதையும் நீட்டிவிடும், அப்புறம் 30 சுற்றும் அந்தத் தப்புதான் பெருகும். கையில் காசிருந்தால் ஹாட் ஸ்டார்ட் டாக் வாங்குங்கள், சூடாகும் வரை அது பூட்டியே இருக்கும்.

25 மைக்ரோலிட்டர் கலவைக்கு, மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட் உள்ள டாக் 0.125 மைக்ரோலிட்டர் போதும். அதைத் தனியாக பிப்பெட்டில் எடுக்கவே முடியாது, அதனால் 8 குழாய்க்கு வேலை என்றால் 10 குழாய்க்கு மாஸ்டர் மிக்ஸ், அதாவது எல்லாக் குழாய்க்கும் பொதுவான கலவை, போடுங்கள். 10 மடங்கு பஃபர் ஒரு குழாய்க்கு 2.5 மைக்ரோலிட்டர், டிஎன்டிபி (புது டிஎன்ஏ கட்ட வேண்டிய நான்கு எழுத்துகள்) ஒவ்வொன்றும் 0.2 மில்லிமோலார், மெக்னீசியம் 1.5 மில்லிமோலார். டாக் கிளிசராலில் இருப்பதால் அடியில் போய்த் தங்கிவிடும், மெதுவாக ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். இதைச் செய்யாமல்தான் பாதிக் குழாயில் பேண்ட் (டிஎன்ஏ பெருகியதை ஜெல்லில் காட்டும் கோடு) வராமல் போகிறது, என்சைம் கெட்டுப்போச்சு என்று புதுசு வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஓட்டம் எளிது: 95 டிகிரியில் 3 நிமிடம், பிறகு 95 (இழைகள் பிரிய), 55 (பிரைமர் ஒட்ட), 72 (டாக் நீட்ட) என்று 30 சுற்று. முதல் இரண்டுக்கும் 30 வினாடி, 72க்கு மட்டும் ஆயிரம் பேஸுக்கு (டிஎன்ஏ எழுத்துக்கு) ஒரு நிமிடம். 55 என்பது பிரைமருக்கு ஏற்ப மாறும்.

ஏல இலையில் பாலிஃபினால் என்ற தாவரச் சேர்மம் அதிகம், டிஎன்ஏவோடு சேர்ந்து வந்து டாக்கை அமுக்கிவிடும். பேண்ட் வரவில்லை என்றால் டிஎன்ஏவை இன்னும் கூடுதலாக ஊற்றாதீர்கள், 10 மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்கள், பல தடவை அதிலேயே வந்துவிடும். பிஎஸ்ஏ என்ற புரதம் கொஞ்சம் சேர்ப்பதும் உதவும். ஆடி மழையில் கரண்ட் போவது தெரிந்ததுதானே, மெஷினுக்கு யுபிஎஸ் போட்டுவிடுங்கள்.

டிஎன்ஏ போடாத வெற்றுக்குழாய் ஒன்று ஒவ்வொரு தடவையும் வேண்டும், அதிலும் பேண்ட் வந்தால் அன்றைய முடிவு எதையும் நம்பாமல் தண்ணீரையும் பிரைமரையும் மாற்றிவிட்டு மறுபடி போடுங்கள். அப்புறம், டாக் தன் எழுத்துப் பிழையைத் தானே திருத்தாது, குளோனிங்குக்கு (துண்டை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்க) என்றால் பிழை திருத்தும் பிஎஃப்யு பாலிமரேஸ் என்சைம் எடுங்கள், அது மெதுவானது, ஆயிரம் பேஸுக்கு 2 நிமிடம் கொடுக்க வேண்டும்.