நாகைக் கடற்கரைத் திருவிழாக்களுக்குப் பயணத் திட்டம் வகுப்பது எப்படி?

நாகூர், சிக்கல், வேளாங்கண்ணி ஆகிய மூன்று ஊர்களும் நாகப்பட்டினத்தைச் சுற்றிப் பேருந்தில் எளிதாகச் சென்று வரக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் திருவிழாக்கள் மூன்று வெவ்வேறு காலக்கணக்குகளின்படி நடைபெறுவதால், சென்ற ஆண்டு போன அதே தேதியை நம்பி விடுப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள். ஆகவே தங்கும் அறையைத் தேடுவதற்கு முன்பாக நாள்காட்டியைப் பார்க்க வேண்டும்.

வேளாங்கண்ணியில் இந்தத் தொல்லை இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 மாலையில் கொடியேறி, செப்டம்பர் 7 இரவில் பெரிய தேர் பவனி நடந்து, மறுநாள் மாதா பிறந்தநாள் விழாவுடன் நிறைவுறும். காவி உடுத்தி நடந்தே வரும் பக்தர்கள் கடைசி மூன்று நாட்களில் ஊரை நிறைத்துவிடுவார்கள். நெரிசல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கொடியேற்றம் முடிந்த இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகு செல்வது நல்லது. தமிழ், மலையாளம், கொங்கணி எனப் பல மொழிகளில் நடைபெறும் திருப்பலிகளில் அப்போது அமைதியாகப் பங்கேற்கலாம்.

சிக்கல் சிங்காரவேலர் கோயிலில் கந்த சஷ்டியின் ஐந்தாம் நாளே முதன்மையானது. அன்றிரவு அன்னை வேல்நெடுங்கண்ணியிடம் முருகன் வேல் வாங்கும்போது திருமேனியில் வியர்வை அரும்புவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். ‘சிக்கலில் வேல் வாங்கி, செந்தூரில் சம்ஹாரம்’ என்னும் வழக்கை நினைத்துச் சூரசம்ஹாரத்தன்று மட்டும் சிக்கலுக்கு வருபவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குத்தான் கவனம் அதிகம் தேவை. இஸ்லாமிய நாள்காட்டியின் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையைக் கண்டு கொடியேற்றுவார்கள்; அந்த நாள்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களே கொண்டது என்பதால் விழா ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வரும். 2024இல் டிசம்பரில் வந்த கந்தூரி, 2025இல் நவம்பருக்கு நகர்ந்தது. 2026இல் தீபாவளியை ஒட்டிய அதே அமாவாசைக்குப் பின்னர் சஷ்டி விரதமும் தொடங்கும், பிறையும் தென்படும். எனவே வேல் வாங்கும் இரவையும், கந்தூரியின் பத்தாம் இரவில் சமாதிக்குப் பூசும் சந்தனத்தை எடுத்துவரும் சந்தனக்கூடு ஊர்வலத்தையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோருக்கு அந்த நவம்பர் நல்ல வாய்ப்பு. பிறை ஒரு நாள் முன்பின்னாகலாம் என்பதால், திரும்பும் பயணச்சீட்டில் ஒரு நாள் இடைவெளி விட்டு வையுங்கள்.

சந்தனக்கூடு நாகூரிலிருந்து புறப்படுவதில்லை. நாகப்பட்டினம் அபிராமி அம்மன் திருவாசலிலிருந்து கப்பல் வடிவ ரதங்கள் முதலியவற்றுடன் புறப்பட்டு, இரவெல்லாம் ஊர்ந்து நாகூரை அடையும். நாகூரில் அடங்கியுள்ள இறைநேசர் சாகுல் ஹமீது ஆண்டவரின் சமாதிக்குச் சந்தனம் பூசுவது விடியலுக்குச் சற்று முன்புதான். முதியவர்களும் குழந்தைகளும் உடன் இருந்தால், ஊர்வலத்தை நாகப்பட்டினத்திலேயே பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பி, மறுநாள் பகலில் தர்காவுக்குச் செல்வதே அறிவுடைமை. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டுவித்த 131 அடி உயரப் பெரிய மனோரா என்னும் கோபுரத்தையும் அப்போது நின்று பார்க்க முடியும். தலையை மறைக்க ஒரு துணியை எடுத்துச் செல்லுங்கள். உள்ளே எதுவரை போகலாம், எங்கே படம் எடுக்கலாம் என்பதை தர்காவைப் பராமரிக்கும் சாகிபுமார்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று தலங்களிலுமே, வழியில் யாரேனும் காணிக்கை கேட்டு நெருக்கினால் உண்டியலில் செலுத்துவதாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். விரதம் இல்லாதவர்கள் நாகூரில் அரிசி மாவும் இறாலும் சேர்த்துப் பொரிக்கும் ‘வாடா’வைச் சுவைக்காமல் திரும்ப வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகைப் பயணம் என்றால் அது வடகிழக்குப் பருவமழையின் காலம். தாழ்ந்த இந்தக் கடலோரத்தில் ஒரே இரவில் தெருக்களில் நீர் தேங்கிவிடுவது வழக்கம் என்பதால், புறப்படும் முன் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்டிலும்கூடக் கடலில் இறங்குவோர் காவலர்கள் குறித்த எல்லையைத் தாண்டக் கூடாது. தங்குவதற்கு நாகப்பட்டினமே மூன்றுக்கும் நடுவில் இருப்பதால் வசதி. விழா நாட்களில் சிறப்புப் பேருந்துகளும் அங்கிருந்து கிடைக்கும். வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8 இரவு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். ஊர் திரும்பும் ரயிலுக்கு மறுநாள் பகலில் முன்பதிவு செய்வது மேல்.