திருகோணமலையில் காய்ச்சல் வந்தால்: ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை நம்பாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்கு வேலைக்கு வரும் நம் ஆட்கள் எல்லோருடைய பெட்டியிலும் ஒரு மாத்திரைக் கவர் இருக்கும். கோயில் திருப்பணிக்கு வரும் சிற்பிகள், நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு வரும் சமையல்காரர்கள், கம்பெனி வேலைக்கு வரும் எஞ்சினியர்கள், யாராக இருந்தாலும் சரி. கிளம்பும் முன் ஊர் மெடிக்கலில் “வெளிநாடு போறேன், சளி காய்ச்சலுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுங்க” என்று கேட்டு வாங்கியது. அட்டையைக் கத்தரித்து நாலு நாலாகக் கொடுத்திருப்பார்கள். மருந்தின் பெயர் பாதி கத்தரியோடு போயிருக்கும். என் நண்பர் ஒருவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது அப்படி ஒரு கவர்தான்.

முதலில் ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட், விசா நகல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நகரத்தில் தங்கியிருந்தால் மாவட்டப் பொது வைத்தியசாலை. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் என்றால் அங்கங்கே ஆதார வைத்தியசாலை (பேஸ் ஹாஸ்பிடல்) உண்டு. பகலில் ஓ.பி.டி.யில் காட்டலாம். மாலையில் டாக்டர்கள் தனியாகவும் பார்ப்பார்கள். அவசரம் என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், கட்டணம் கிடையாது. 2016இல் இந்திய அரசின் நன்கொடையில்தான் அந்தச் சேவை தொடங்கியது. அந்த வண்டியைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும்.

இனி காய்ச்சலுக்கு வருவோம். இங்கே மழைக்காலம் நம் டெல்டா மாவட்டங்களைப் போலத்தான், ஐப்பசி கார்த்திகையில் பிடித்துத் தை வரைக்கும் இழுக்கும். அந்த மழையோடு தடிமனும் (இங்கே சளிக்கு அப்படித்தான் பெயர்) இருமலும் வீடு வீடாகப் போகும். பெரும்பாலும் சாதாரண ஜலதோஷம்: மூக்கு ஒழுகும், தொண்டை கரகரக்கும், லேசாக உடம்பு சுடும், ஒரு வாரத்தில் போய்விடும். இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ, அப்படி மெதுவாக வராது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் 102, 103 டிகிரி காய்ச்சலில் சுருண்டு படுத்துவிடுவார். தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி, வறட்டு இருமல். கிருமி ஒட்டிய ஒன்று முதல் நாலு நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். நமக்கே தெரியாமல் காய்ச்சலுக்கு முந்தின நாளிலிருந்தே மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவோம். கொட்டகையில் பத்துப் பேர் பாயை ஒட்டிப் போட்டுப் படுக்கும் இடத்தில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருவது இதனால்தான்.

ஆனால் அதே மழை தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசுவும் பெருகும். டெங்கு நமக்குப் புதிதல்ல, நிலவேம்புக் குடிநீர் வரிசையில் நின்றவர்கள்தானே நாம். இருந்தாலும் இந்த ஊர் அதில் பட்டது பெரிது. 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கிண்ணியாவை அது உலுக்கி எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு இங்குள்ளவர்கள் காய்ச்சல் என்றாலே “ரத்தம் சோதிச்சீங்களா?” என்றுதான் கேட்பார்கள். நம் ஆட்கள் அதைப் பயந்த சுபாவம் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

என் நண்பர் கல்தச்சர். தை மாதம் கொட்டகையில் பாதிப் பேருக்குத் தடிமன் காய்ச்சல். இவருக்கும் காய்ச்சல் வந்தது, இடுப்பு முறிந்துவிடும்போல வலி. மூக்கு ஒழுகவில்லை, இருமலும் அதிகம் இல்லை, ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. கூட இருப்பவர்களுக்கு வந்ததுதான் தனக்கும் என்று முடிவு செய்து, காய்ச்சலும் வலியும் சேர்ந்து போக ஊரில் கொடுத்த மாத்திரையை மூன்று வேளையும் போட்டார். நடுவில் கடையில் பனடோல் வாங்கி அதையும் போட்டார். இரண்டாம் நாள் ஒரு சிறிய கிளினிக்கில் கேட்டு வலிக்கு ஊசியும் போட்டுக்கொண்டார். ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லவில்லை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆள் கூட்டி வந்தவர் நாள்கூலிக் கணக்குப் பார்ப்பவர், “சரியாயிடுச்சில்ல, வா” என்றார். இவரும் உளி எடுக்கப் போய்விட்டார். அன்று மாலையே வயிற்றுவலி, கை கால் சில்லிட்டுப் போனது, டிகாஷன் நிறத்தில் வாந்தி. அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம். 1990 வந்து தூக்கிப் போனது. வார்டில் டாக்டர், “என்ன குளிசை போட்டவர்? எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றார். கொண்டுபோனோம். கத்தரித்த அட்டையில் பெயரே இல்லை.

பிழைத்துக்கொண்டார். நல்ல டாக்டர்கள், ராத்திரி முழுக்க மணிக்கொரு தரம் வந்து பார்த்த நர்ஸ்கள். ஆனால் அந்தச் சீசன் கூலி போயிற்று.

அவருக்கு வந்தது டெங்கு. என்ன நடந்தது என்று அப்புறம் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட், நிமெசுலைட், ஆஸ்பிரின் எல்லாம் வலி மருந்துகள். வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும், ரத்தம் உறைவதையும் கெடுக்கும். டெங்குவில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவுதான். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, அது விடும்போதுதான், பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து அழுத்தம் விழும். ஆகவே காய்ச்சல் விட்ட அன்று வேலைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, ஊரில் டோலோ, கால்பால், இங்கே பனடோல், எல்லாம் ஒரே பாராசிட்டமால். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்தே இருக்கும். ஊர் டோலோ 650 மில்லிகிராம், இங்கத்திய பனடோல் 500. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, வேளைக்கு வேளை ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். மீறினால் ஈரலுக்குக் கேடு, டெங்குவில் ஈரல் முன்பே அடிபட்டிருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும், அதையும் ஒரே பெயரில்.

எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் மூன்றாம் நாள் எஃப்.பி.சி. (தட்டணு உட்பட ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை என்றால் முதல் நாளே டாக்டரிடம் போக வேண்டும். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, மயக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இங்கே டாக்டர்கள் சொல்லும் ஒரு நல்ல பழக்கம்: காய்ச்சல்காரருக்குப் பீட்ரூட், கோலா மாதிரி சிவப்பு, பழுப்பு நிறத்தில் எதையும் கொடுக்காதீர்கள். வாந்தியில் ரத்தம் வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும். கஞ்சி, இளநீர், ஜீவனி (இங்கத்திய ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைக் கரைசல்) கொடுக்கலாம்.

சரி, டெங்கு இல்லை, ஃப்ளூதான் என்று ஆனால் ஓய்வும் நீராகாரமும்தான் வைத்தியம். அஜித்ரோமைசின் மூன்று நாள் போட்டுவிடும் நம் வழக்கம் இதற்கு உதவாது, அது வைரஸைத் தொடாது. ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், 65 தாண்டியவர்கள், கர்ப்பிணிகள் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். வைரஸுக்கென்று உள்ள ஓசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் சளி போகும் என்று யாராவது கூட்டிப் போவார்கள். அழகான இடம், உடம்பு தேறியதும் போங்கள்.

எதிர்வீட்டு அக்கா கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் (நம் சுக்கு) அவித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மறுக்காதீர்கள். தொண்டைக்கு இதம், உடம்புக்கும் நீர் சேரும். அம்மா வைக்கும் மிளகு ரசத்தின் ஏக்கத்தை எனக்குக் கொஞ்சமாவது தீர்த்தது அந்தத் தம்ளர்தான்.

கல்வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஃப்ளூ இருமல் இரண்டு வாரம் வரை நிற்கலாம். அதற்கு மேல் போனால் மழை மேல் பழி போடாமல் மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும், காசநோய் தொற்றும் வாய்ப்பையும் கூட்டும். கல்லை நனைத்து வெட்டுங்கள், துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என் 95 மாஸ்க் வாங்கித் தரச் சொல்லி ஆள் கூட்டி வந்தவரிடம் கேளுங்கள். காசநோயே என்றாலும் ஆறு மாத மருந்தை முழுவதும் எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். மறைத்து வைத்தால் பக்கத்துப் பாயில் படுப்பவருக்கும் வரும்.