ஓய்வுக்குப் பிறகு இருவராக ஒரு கேம்பிங்: டார்வின் – கேத்ரின் – காக்காடு சுற்று

ஆஸ்திரேலியாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காரவன் என்னும் வீட்டு வண்டியைக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு வடக்கே கிளம்பும் ஜோடிகள் ஏராளம். ‘கிரே நோமேட்’ என்று இந்த ஊரில் செல்லமாகச் சொல்வார்கள். நானும் என் கணவரும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். எங்களிடம் வழி கேட்கும் நண்பர்கள் எடுத்ததுமே மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோட்டைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அது ஏறக்குறைய 660 கிலோமீட்டர், பெரும்பாலும் மண் ரோடு, நடுவில் ஆறுகளை வண்டியோடு இறங்கிக் கடக்க வேண்டும். அதை இன்னொரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறைக்கு, வடக்குப் பிரதேசத்தின் தலைநகரான டார்வினில் தொடங்கி டார்வினிலேயே முடியும் ஒரு தார்ச்சாலைச் சுற்று இருக்கிறது. அருவி, பள்ளத்தாக்கு, பாறை ஓவியம், முதலை எல்லாமே அதில் வந்துவிடும்.

படி 1: முதலில் மாதம்

வடக்கு முனையில், அதாவது டாப் எண்டில், கணக்கு எளிது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. மே முதல் அக்டோபர் வரை வறட்சி. மழைக்காலத்தில் சாலைகள் முழுகும், பூங்காக்களில் பல பகுதிகளை மூடிவிடுவார்கள். அக்டோபரில் மழை இன்னும் வந்திருக்காது, ஆனால் புழுக்கம் ஆளை உருக்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த மாதத்தைத் தொடவே வேண்டாம்.

காக்காடு தேசியப் பூங்கா இருக்கும் நிலத்தின் பூர்வகுடிகளான பினிஞ்ச், முங்குய் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை ‘வுர்கெங்’, குளிர் பருவம். குளிர் என்றால் டார்வினில் பகலில் 30 டிகிரி, இரவில் 20 டிகிரிக்குப் பக்கத்தில். தெற்கே கேத்ரின் என்ற ஊர்ப் பக்கம் இரவில் இன்னும் இறங்கும், ஒரு நல்ல கம்பளி வேண்டும். என்னைக் கேட்டால் ஜூன் முதல் பாதி: அருவிகளில் தண்ணீர் இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்திருக்காது.

படி 2: சுற்றை வரையுங்கள்

டார்வினிலிருந்து லிட்ச்ஃபீல்ட் பூங்கா 120 கிலோமீட்டர் அளவில். அங்கிருந்து கேத்ரின் சுமார் 300. கேத்ரினிலிருந்து பைன் கிரீக் வரை வந்த வழியே திரும்பி, வலப்பக்கம் காக்காடு நெடுஞ்சாலையில் நுழைந்தால் பூங்காவுக்குள் இருக்கும் கூயிண்டா, மொத்தம் 250 வரும். கூயிண்டாவிலிருந்து ஜாபிரு ஊர் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஜாபிருவிலிருந்து ஆர்னெம் நெடுஞ்சாலை வழியாக டார்வினுக்கு இன்னொரு 250. பக்கத்துச் சுற்றல்கள் சேர்த்து 1,000 கிலோமீட்டரைத் தாண்டும், அவ்வளவுதான்.

இதை நாலு நாளில் முடித்துவிடுவேன் என்று மகனோ மருமகனோ சொல்வார்கள். சொல்லட்டும். நீங்கள் பத்துப் பன்னிரண்டு இரவுகள் வையுங்கள். ஒரு நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டாம், ஓட்டிய நாளுக்கு மறுநாள் ஓட்டவே வேண்டாம். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகச் சரியாகும். கேத்ரினில் கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் தெற்கே 100 கிலோமீட்டர் சொச்சம் போய் மட்டரங்கா வெந்நீர் ஊற்றில் கிடக்கலாம். எப்போதும் 34 டிகிரி. முட்டி வலிக்காரர்கள் எழுந்து வர மனசில்லாமல் அதிலேயே ஊறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

படி 3: வண்டி

முதல் பயணத்துக்காகக் காரவன் வாங்காதீர்கள். டார்வினுக்கு விமானத்தில் போய் ஒரு மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வண்டியை, வாடகைக்கு எடுங்கள். இந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுக்கும்போது படுக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘ஸ்வாக்’ என்ற கான்வாஸ் சுருட்டுப் படுக்கை மலிவு, படுத்தபடி நட்சத்திரம் பார்க்கலாம். ஆனால் தரையிலிருந்து எழ வேண்டும். வண்டிக் கூரையில் விரிக்கும் கூடாரம் பார்க்க அழகு. நடுராத்திரி கழிப்பறைக்குப் போக ஏணியில் இறங்குவதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மோட்டார்ஹோமில் படுக்கை எவ்வளவு உயரம், ஏறுவதற்குப் படி உண்டா என்று கேளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, மண் சாலையில் போகலாமா என்பது. சாதாரண மோட்டார்ஹோம்களுக்குப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. இன்னொன்று, இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டி மிருகத்தில் மோதினால் காப்பீடு செல்லுமா என்பது.

சொந்தக் காரவனோடு வருகிறவர்கள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சாமான்களை ஏற்றி, அப்புறம் எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். காரின் கொக்கியில் இறங்கும் எடை காரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது வழக்கம். ரொம்பக் குறைந்தால் காரவன் பின்னால் ஆட்டம் போடும்.

படி 4: அனுமதிச் சீட்டு

இங்கே புதியவர்கள் குழம்புவார்கள். காக்காடு மத்திய அரசின் பூங்கா, அதற்குத் தனிச் சீட்டு. லிட்ச்ஃபீல்டும், கேத்ரின் பள்ளத்தாக்கு இருக்கும் ‘நிட்மிலுக்’ பூங்காவும் வடக்குப் பிரதேசப் பூங்காத் துறையின் கீழ் வருபவை, வெளிமாநிலத்தார் அதற்கு வேறு சீட்டு வாங்க வேண்டும். இரண்டையும் வீட்டிலிருக்கும்போதே இணையத்தில் வாங்கி, கைபேசியில் படமாகச் சேமித்துவிடுங்கள். பூங்காவுக்குள் சிக்னல் தேடி அலைய முடியாது. வடக்குப் பிரதேசப் பூங்காக்களில் இரவு தங்கும் இடத்தையும் அப்போதே பதிவு செய்துவிடலாம்.

காக்காட்டின் கிழக்கு எல்லையில் காஹில்ஸ் கிராஸிங் என்ற ஆற்றுக் கடவு இருக்கிறது. அதைத் தாண்டினால் ஆர்னெம் லாண்ட், பூர்வகுடிகளின் நிலம். நார்தர்ன் லாண்ட் கவுன்சில் என்ற பூர்வகுடி நில அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி பெறாமல் உள்ளே போகக் கூடாது. மோட்டார்ஹோமில் அந்த ஆற்றைக் கடக்கவும் முடியாது. கரையில் உள்ள பார்வை மேடையிலிருந்து, கடலிலிருந்து ஏறிவரும் ஓதத்தில் மீன் பிடிக்க முதலைகள் கூடுவதைப் பாருங்கள்.

படி 5: தண்ணீரும் சமையலும்

ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். வண்டித் தொட்டி தவிர 20 லிட்டர் கேன் ஒன்று குடிப்பதற்கென்றே தனியாக இருக்கட்டும். சில முகாம்களில் ஆழ்துளைத் தண்ணீர்தான் வரும். ‘குடிக்க உகந்ததல்ல’ என்ற பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழாயைத் திறங்கள்.

சமையலுக்குச் சின்ன குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். வண்டி ஓட்டும் நாளுக்குப் புளிசாதம். பருப்புப் பொடி, ஊறுகாய், தேங்காய்ப் பால் பொடி மூன்றும் இருந்தால் குளிர்பெட்டியை நம்ப வேண்டியதில்லை. டார்வினில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராபிட் கிரீக் சந்தைக்குப் போனால் நம் கைக்குப் பழகிய காய்கறிகளும் கீரைகளும் கிடைக்கும். அடுத்த பெரிய கடை கேத்ரினில்தான். டீசலையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 6: ஓட்டும் நாள்

காலை ஏழரை, எட்டுக்குக் கிளம்பி மூன்று மணிக்குள் இறங்கிவிட வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் வாலபி என்னும் குட்டைக் கங்காருகளும் மாடுகளும் ரோட்டுக்கு வரும். பல இடங்களில் வேலியே கிடையாது. ஆர்னெம் நெடுஞ்சாலையில் எருமைகூட நிற்கும்.

டார்வினிலிருந்து கேத்ரினுக்குப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 130 வரை போக அனுமதி உண்டு. அது உங்களுக்கு இல்லை, 90 போதும். பின்னால் வரிசை சேர்ந்தால் ஓரம் ஒதுங்கி விட்டுவிடுங்கள். ‘ரோட் ட்ரெயின்’ என்னும் தொடர் லாரிகள் 53.5 மீட்டர் வரை நீளமிருக்கும். அதை முந்த வேண்டுமானால் எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் சாலை காலியாகத் தெரிய வேண்டும். எங்கள் வண்டியில் நான்தான் ஓட்டுவேன், முந்துவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் அடுத்த ரோட்ஹவுஸில் டீக்கு நிறுத்திவிடுவேன். லாரி போய்விடும், டீயும் ஆச்சு. யுஹெச்எஃப் ரேடியோ இருந்தால் 40ஆம் சேனலில் லாரிக்காரர்களோடு பேசலாம். எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் அது இந்த ஊர் வணக்கம், நீங்களும் தூக்குங்கள்.

படி 7: முகாம் போடுவது

வந்ததும் சாமானை இறக்காதீர்கள். முதலில் இருவரும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். மேற்கே நிழல் தரும் மரம் இருக்கிறதா? மூன்று மணி வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வண்டியைச் சுடும். ஆனால் பெரிய யூகலிப்டஸ் மரத்தின் கிளைக்கு நேர் கீழே நிறுத்தக் கூடாது. காற்றே இல்லாத நாளிலும் கிளை முறிந்து விழும். இலைகளைச் சேர்த்துத் தைத்த பச்சை எறும்புக் கூடு தொங்குகிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். கழிப்பறைக்குப் போகும் பாதை இருட்டில் தெரியுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இடம் பிடித்ததும் வண்டியைச் சமன் செய்யுங்கள். கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி மேஜையில் வைத்தால் சாய்வு தெரிந்துவிடும். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கீழே சரிவுக் கட்டை, கை பிரேக், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை என்ற வரிசையில் போங்கள். அப்புறம்தான் கேஸ் வால்வைத் திறக்க வேண்டும். வண்டியோரத் துணிப் பந்தலான வெய்யில் தட்டியை இழுத்துக் கட்டும்போது பிளாஸ்டிக் முளை இந்தச் செம்மண் பாறையில் இறங்காது. கனத்த இரும்பு முளையும் சுத்தியலும் வேண்டும். ராத்திரி தூங்கப் போகும்முன் தட்டியைச் சுருட்டிவிடுங்கள். அதிகாலையில் கிளம்பும் தென்கிழக்குக் காற்று அதை மடக்கி எறிந்துவிடும்.

நெருப்பு மூட்ட ஆசை வரும். அதற்கென்று கட்டிய இடத்தில் மட்டும், தடை இல்லாத நாளில் மட்டும். பூங்காவுக்குள் விறகு பொறுக்கக் கூடாத இடங்கள் உண்டு, பலகையைப் பாருங்கள்.

சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதீர்கள். கேத்ரின் பள்ளத்தாக்கு முகாமில் வாலபிகள் மேஜைவரை வரும், பருந்துகள் கையிலிருக்கும் ரொட்டியையே கொத்திக்கொண்டு போகும். கழிப்பறைக் கோப்பைக்குள் பச்சைத் தவளை உட்கார்ந்திருந்தால் கத்த வேண்டாம், அது அங்கேயே குடியிருப்பது. காக்காட்டில் பாறை ஓவியங்கள் இருக்கும் உபிர் பக்கத்திலுள்ள மெர்ல் முகாமில் கொசு படை படையாக வரும். ஐந்து மணிக்கே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: முதலை

உப்புநீர் முதலையை வேட்டையாட வடக்குப் பிரதேசத்தில் 1971இல் தடை வந்தது. அழிவின் விளிம்பிலிருந்த இனம் அதற்குப் பிறகு நன்றாகப் பெருகிவிட்டது. பெயர்தான் உப்புநீர்; கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே நன்னீர் ஆற்றிலும் குட்டையிலும் இருக்கும்.

தண்ணீரின் விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். முகாம் 50 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பாத்திரம் கழுவவோ மீன் சுத்தம் செய்யவோ ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது. முக்கியமாக, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் தினமும் போகாதீர்கள். முதலை அந்த வழக்கத்தைக் கவனித்துக்கொண்டு காத்திருக்கும்.

அப்படியானால் குளிப்பதே இல்லையா? உண்டு. லிட்ச்ஃபீல்டில் ஃப்ளோரன்ஸ் அருவி, பியூலி ராக்ஹோல் போன்ற இடங்களை மழைக்காலம் முடிந்ததும் வனக்காவலர்கள் சோதித்துவிட்டுத்தான் திறப்பார்கள். ‘நீந்தலாம்’ என்ற பலகை அன்றைக்கு இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். நேற்று நீந்தினோம் என்று பக்கத்து முகாம்காரர் சொல்வது கணக்கில் இல்லை. திறந்த இடத்திலும் ஆபத்து பூஜ்யமல்ல. 2023 ஜூலையில், லிட்ச்ஃபீல்டிலேயே ‘வாங்கி’ என்ற பெயருள்ள அருவியில் நீந்திக்கொண்டிருந்த ஒருவரை முதலை கடித்தது. நாங்கள் பியூலியில் படிப் படியாக இறங்கும் சின்னச் சின்னக் குட்டைகளில் உட்கார்ந்து எழுவதோடு சரி. முதலையை ஆசைதீரப் பார்க்கக் கூயிண்டாவில் யெல்லோ வாட்டர் என்ற நீர்நிலையில் படகுச் சவாரி இருக்கிறது. விடியற்காலைப் படகில் போங்கள்.

படி 9: உடம்பும் தொலைபேசியும்

மாத்திரைகளை இரண்டு பையாகப் பிரித்து, ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றை வண்டியிலும் வையுங்கள். மருத்துவமனை டார்வினிலும் கேத்ரினிலும் உண்டு, ஜாபிருவில் சிறு மருத்துவ நிலையம்தான். பாம்பு கடித்தால் கழுவாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அகலமான கட்டுத்துணியை இறுக்கிச் சுற்றி, அசையாமல் படுக்க வைத்து, அவசர எண்ணான 000 அழையுங்கள். அந்தக் கட்டுத்துணியை நடந்து போகும் பையிலேயே வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் அண்ணன், அண்ணியையும் கூட்டிப்போவதாக இருந்தால் அவர்களுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம்.

ஊரைத் தாண்டினால் சிக்னல் இருக்காது. அதனால் பிஎல்பி என்னும் அவசரக் கருவியை வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள், பதிவுக்குக் கட்டணமில்லை. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குத் தகவல் போகும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக் கூடாது. ஆகாயத்திலிருந்து பார்க்கிறவருக்கு மனிதரைவிட வண்டிதான் சீக்கிரம் கண்ணில் படும்.

அடுத்த வருஷத்துக்கு

இந்தச் சுற்று பிடித்துப்போனால் அடுத்தது கேத்ரினிலிருந்து மேற்கே டிம்பர் கிரீக் வழியாக மேற்கு ஆஸ்திரேலிய ஊரான குனுனுரா. 500 கிலோமீட்டருக்கு மேல் வரும், எனவே டிம்பர் கிரீக்கில் இரண்டு இரவு. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் சோதனைச் சாவடி உண்டு: பழம், பச்சைக் காய்கறி, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் அங்கே குப்பைத் தொட்டிக்குத்தான். முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் போட்டு ஒரு பெரிய சாம்பார் வைத்துவிடுங்கள். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். குனுனுராவில் பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். அங்கே மூன்று மணி வரை ஓட்டாமல், ஒன்றரைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள்.