தொலைந்ததும் கிடைத்ததும் ஒன்றல்ல: ஹைடன் கான்செர்ட்டோக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி நிகழ்ச்சிக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொண்டுவந்து காட்டினார். புல்லாங்குழல் கான்செர்ட்டோ, அதாவது புல்லாங்குழலை முன்னிறுத்தி இசைக்குழு கூடவே வாசிக்கும் படைப்பு. டி மேஜர் சுருதி. “தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஹைடனின் இந்தப் படைப்பு நமது நற்பேறாக மீண்டும் கிடைத்தது” என்று முதல் வரி. படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. கோபம் அவர் மேல் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஏறக்குறைய இதே வரியை எழுதி, அச்சடித்து, வாசலில் நின்று விநியோகித்தவன் நான்.

மேற்கத்திய செவ்வியல் கச்சேரிகளுக்குக் குறிப்பு எழுதுவதும், பழைய நோட்ஸ் (இசைத்தாள்) கட்டுகளைப் பிரித்து அடுக்குவதும் என் பிழைப்பு. புதிதாக எழுத வருகிறவர்கள் ஆண்டை மாற்றிப் போடுவதையும் பெயரைத் தப்பாக உச்சரிப்பதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனின் (1732–1809) கான்செர்ட்டோக்களில் விழுகிற பள்ளங்கள் வேறு மாதிரி. விழுந்தது தெரியாமலே பத்து வருஷம் அதற்குள்ளேயே நடந்துகொண்டிருப்போம்.

எந்த ஹைடன்?

ஜோசப்புக்கு சால்ஸ்பர்க்கில் மைக்கேல் என்று ஒரு தம்பி இருந்தார், அவரும் இசையமைப்பாளர். முதற்பெயர் போடாமல் எழுதாதீர்கள்.

ஹோபோக்கன் எண்ணைப் பிறப்புச் சான்றிதழாக நினைப்பது

டச்சுக்காரரான அந்தோனி வான் ஹோபோக்கன் ஹைடனின் படைப்புகளை வகைபிரித்துப் பட்டியல் போட்டார். வாத்திய இசைத் தொகுதி 1957ல் வந்தது, குரலிசைத் தொகுதி 1971ல். கான்செர்ட்டோக்கள் ஏழாம் பிரிவில் இருக்கின்றன: ஏ என்றால் வயலின், பி என்றால் செல்லோ, சி டபுள் பேஸ், டி ஹார்ன், ஈ டிரம்பெட், எஃப் புல்லாங்குழல். கீபோர்டு கான்செர்ட்டோக்கள் மட்டும் பதினெட்டாம் பிரிவு.

புதியவர்களுக்கு எண்ணைப் பார்த்ததும் நிம்மதி வந்துவிடுகிறது. ஹோபோக்கன் எண் தந்திருக்கிறாரே, பிறகென்ன என்று. ஆனால் அவர் ஹைடன் பெயரில் உலவிய சரக்கையும் சேர்த்தேதான் எண்ணினார். வெறும் எண்ணாக இல்லாமல் சுருதி எழுத்தோடு வருகிறவை, 7எஃப்:டி1 என்பது மாதிரி, பெரும்பாலும் சந்தேகப் பட்டியலில் உள்ளவை. வெறும் எண்ணை வைத்தும் நம்ப முடியாது. 7பி:4 என்ற செல்லோ கான்செர்ட்டோ ரோம் நகரத்துச் செல்லோக் கலைஞர் கோஸ்டான்ஸியுடையது. 7பி:5 இன்னும் வேடிக்கை: 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டேவிட் பாப்பர் என்ற செல்லோ மேதை, ஹைடனின் குறிப்புகளை வைத்து எழுதியதாகச் சொல்லி வெளியிட்டது.

காலி நாற்காலியில் கிடைத்தவரை உட்கார வைப்பது

இதுதான் என்னைக் கவிழ்த்த தவறு. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஹைடன் 1765 வாக்கில் தன் படைப்புகளுக்குக் கைப்பட ஒரு வரைவுப் பட்டியல் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, பக்கத்திலேயே தொடக்க இசைவரி. நம் பழைய நூல்களின் பின்னால் செய்யுள் முதற்குறிப்பு என்று ஒரு அட்டவணை இருக்குமே, அதே வேலைதான். சொல்லுக்குப் பதிலாகச் சுரம். இன்று நம் கையில் இல்லாத கான்செர்ட்டோக்கள் பல அந்தப் பட்டியலில் முதற்குறிப்பாக மட்டும் உயிரோடு இருக்கின்றன. டபுள் பேஸ் கான்செர்ட்டோவுக்கு அந்தச் சில சுரங்கள்தான் மிச்சம். டி மேஜர் வயலின் கான்செர்ட்டோ ஒன்று, இரண்டு ஹார்ன்களுக்கு ஒன்று, டி மேஜர் புல்லாங்குழல் கான்செர்ட்டோ ஒன்று என்று பட்டியல் நீள்கிறது.

அந்தக் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். ஹைடன் எழுதியதாக அவரே குறித்திருக்கும் டி மேஜர் புல்லாங்குழல் கான்செர்ட்டோ: தொலைந்துவிட்டது. ஹைடன் பெயர் போட்டு உலவும் டி மேஜர் புல்லாங்குழல் கான்செர்ட்டோ: கடையில் கிடைக்கிறது. ஒரே வாத்தியம், ஒரே சுருதி, ஒரே பெயர். மனசு என்ன செய்யும்? இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். எனக்கும் போட்டது. நோட்ஸ் அட்டையில் ஜோசப் ஹைடன் என்று பெரிதாக இருந்தது. தொலைந்தது இதுதான், கிடைத்துவிட்டது என்று எழுதினேன். அதோடு நிறுத்தாமல், மெதுவான நடுப்பகுதியில் ஹைடனுக்கே உரிய குறும்பு மின்னுகிறது என்று ஒரு முழுப் பத்தி வேறு.

முந்நூறு பிரதி. இரண்டு ஊர்களில் கச்சேரி. முதல் நாள் இடைவேளையில், ஓபோ வாசித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் குறிப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. முதல் ரெண்டு பாரை ஹைடனோட பட்டியலோட ஒத்துப் பார்த்தீங்களா?”

“இல்லீங்கய்யா.”

“பார்த்திருந்தா இந்தப் பத்தி மிச்சமாயிருக்கும். ஹோஃப்மான் பாவம்.”

பார் என்றால் நோட்ஸில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம். பட்டியலில் உள்ள தொடக்கமும் அன்று வாசித்ததன் தொடக்கமும் ஒத்துப்போகாது. வாசிக்கப்பட்டது லியோபோல்ட் ஹோஃப்மானுடையது. வியன்னாவின் செயின்ட் ஸ்டீபன் பேராலயத்தில் இசைத் தலைவராக இருந்தவர். 1791ல் மோட்ஸார்ட்டே அவருக்குச் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்தார். இதில் ஒரு கிண்டல் இருக்கிறது. ஹைடனுக்கு இந்த ஹோஃப்மானைக் கண்டாலே ஆகாது. 1781ல் தன் பதிப்பாளர் அர்தாரியாவுக்கு எழுதிய கடிதத்தில், ஹோஃப்மான் இசையமைத்திருந்த மூன்று பாடல்களை மட்டமானவை என்று ஏசி, கிரேக்கக் கதைகளில் கலைத்தேவதைகளின் இடமான பார்னாசஸ் மலை உச்சியில் தான் ஒருவனே ஏறி நிற்பதாக நினைக்கும் ஜம்பக்காரன் என்று போட்டு வாங்கியிருக்கிறார். அந்த ஜம்பக்காரரின் இசையில்தான் நான் ஹைடனின் குறும்பைக் கண்டுபிடித்துப் பரவசப்பட்டிருக்கிறேன்!

அன்றிரவு அறையில் உட்கார்ந்து, பெயரைத் திருத்தித் துண்டுச் சீட்டு அடித்து, மிச்சமிருந்த பிரதிகளில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். எழுதியதற்கு வந்த பணம் அச்சுக்கும் பசைக்கும் போயிற்று. குறும்புப் பத்தியைச் சீட்டால் மறைக்க முடியவில்லை, அது நீளம். பேனாவால் அடித்தேன். சீட்டு ஒட்டிய பிரதி ஒன்று இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. பசை காய்ந்து சீட்டின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடியில் பழைய பெயர் பாதி தெரியும்.

இந்தப் பெயர் மாற்றம் எப்படி நடந்தது என்று தெரிந்தால் எச்சரிக்கை தானாக வரும். 1761 மே 1 அன்று எஸ்தர்ஹாஸி என்ற பிரபுக் குடும்பத்தின் அரண்மனையில் வேலைக்குச் சேர ஹைடன் போட்ட ஒப்பந்தப்படி, அவர் எழுதியதை வெளியாருக்குத் தரக்கூடாது. 1779ல் புது ஒப்பந்தம் வந்த பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது. அதற்குள் அவர் பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது, ஆனால் சரக்கு இல்லை. நகலெடுத்து விற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வாங்க ஆளில்லாத பெயரை எடுத்துவிட்டு, விலைபோகிற பெயரைப் போட்டார்கள். அட்டையில் இருக்கும் பெயர் விற்றவனுடைய வாக்குமூலம், இயற்றியவருடையது அல்ல.

ஆகவே செய்ய வேண்டியது இது. கையில் உள்ள நோட்ஸின் முதல் இரண்டு மூன்று பார்களைத் தனித்தாளில் எழுதுங்கள். ஹைடனின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். டென்மார்க்கு ஆய்வாளர் லார்சன் 1941லேயே ஹைடன் பட்டியல்கள் மூன்றை நகல்படமாக வெளியிட்டுவிட்டார். பிறகு ரிஸ்ம் என்ற பன்னாட்டு இசைக் கையெழுத்துப்படிப் பட்டியலில் அதே சுரங்களைத் தேடுங்கள். இணையத்தில் இலவசம். அதே தொடக்கம் வேறொருவர் பெயரில் வேறொரு மடாலய நூலகத்தில் இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். அரை மணி நேர வேலை. எனக்கு ஒரு ராத்திரியும் ஒரு சம்பளமும் ஆயிற்று.

முதற்குறிப்பு பொருந்தினால் போதும் என்பது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு அடுத்த பக்கம் சாய்கிறவர்களும் உண்டு.

சி மேஜர் செல்லோ கான்செர்ட்டோ 1961ல் பிராக் நகரத் தேசிய அருங்காட்சியகத்தில் கிடைத்தது. ராதெனீன் கோட்டையிலிருந்து வந்து சேர்ந்த தாள்களுக்குள் புல்கெர்ட் என்ற செக் ஆய்வாளர் அதைக் கண்டெடுத்தார். மறு வருஷம் மே மாதம் செல்லோக் கலைஞர் மிலோஷ் சாட்லோ வாசித்தார், மெக்கராஸ் என்பவர் இசைக்குழுவை நடத்தினார். அதன் தொடக்கம் ஹைடன் பட்டியலில் இருந்த முதற்குறிப்போடு அச்சாகப் பொருந்தியது. கூடவே அந்தக் காலத்துக் கைப்படி, அது வந்த வழி எல்லாம் இருந்தன. ஆகவே நம்பினார்கள், சரி.

1993ல் இன்னொன்று நடந்தது. ஹைடன் பட்டியலில் முதற்குறிப்பு மட்டும் மிஞ்சியிருந்த ஆறு பியானோ சொனாட்டாக்கள் ஜெர்மனியில் கிடைத்துவிட்டதாக அறிவிப்பு. முதற்குறிப்புகள் அத்தனையும் பொருந்தின. பெரிய பெரிய நிபுணர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் பார்த்தால், மியூன்ஸ்டர் நகரத்து வின்ஃப்ரீட் மிஷல் என்பவர் அந்த முதற்குறிப்புகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தானே எழுதியிருந்தார். பொருந்தாமல் எப்படி இருக்கும், அச்சில் இருந்ததைப் பார்த்துத்தானே தொடங்கியிருக்கிறார்! வெளியே காட்டப்பட்டது எல்லாம் ஜெராக்ஸ் நகல்தான். மூலத்தாளை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

முதற்குறிப்பு பொருந்தவில்லை என்றால் அது அந்தப் படைப்பு இல்லை. பொருந்தினால், இனிமேல்தான் தாளைப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

“கேட்டாலே தெரிகிறதே!”

தெரியாது.

ஹைடனே ஒப்புக்கொண்டார் என்பது

1805ல் அவருடைய நகலெழுத்தாளர் எல்ஸ்லர் தொகுத்த பெரிய பட்டியலைக் காட்டி வாதாடுவார்கள். அப்போது ஹைடனுக்கு 73 வயது. குவார்ட்டெட் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசை) பகுதிக்கு, பதிப்பாளர் பிளெயலின் அச்சுப் பதிப்பு அப்படியே பயன்பட்டது. அதோடு ஓபஸ் 3 என்ற தொகுப்பின் ஆறு குவார்ட்டெட்டுகளும் உள்ளே வந்துவிட்டன. அவை ரோமன் ஹோஃப்ஸ்டெட்டர் என்ற பெனடிக்டின் துறவியுடையவை என்று 1964ல் ஆய்வாளர்கள் டைசனும் ராபின்ஸ் லேண்டனும் காட்டினார்கள். பாரிஸில் பாய்யோ அச்சிட்ட 1777 பதிப்பில், அச்சுத் தகட்டிலிருந்து சுரண்டிய அந்தப் பெயரின் தடம் தெரிகிறது.

எல்லாவற்றையும் தீயின் தலையில் போடுவது

ஐசன்ஸ்டாட்டில் ஹைடன் வீடு 1768லும் 1776லும் எரிந்தது, எஸ்தர்ஹாஸி குடும்பத்தின் எஸ்தர்ஹாஸா அரண்மனையில் 1779ல் தீ. உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட ஒரு கான்செர்ட்டோ இந்தத் தீயில்தான் போயிற்று என்று எழுத, எரிந்த தாள்களின் கணக்கு உங்களிடம் இருக்கிறதா?

சந்தேகத்தைத் தீர்ப்பாக எழுதுவது

ஒரு முறை சூடு பட்டவர்கள் பிறகு எல்லாவற்றையும் போலி என்கிறார்கள். நானும் சில வருஷம் அப்படித்தான் திரிந்தேன். டி மேஜர் செல்லோ கான்செர்ட்டோவை அந்தோன் கிராஃப்ட் எழுதினார் என்று நூறு வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிராஃப்ட் எஸ்தர்ஹாஸி இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர், இசையும் எழுதுவார், ஆகவே கேட்க நியாயமாக இருந்தது. 1950களின் தொடக்கத்தில் வியன்னாவில் ஹைடன் கைப்பட எழுதிய, 1783 என்று தேதியிட்ட பிரதி வெளிப்பட்டது. பேச்சு அடங்கிற்று.

ஹார்ன் கான்செர்ட்டோக்களும் அப்படியே பிரிகின்றன. முதலாவதுக்கு 1762ல் ஹைடனே எழுதிய பிரதி வியன்னாவில் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் ஓபோ வரியும் வயலின் வரியும் இடம் மாறிவிட்டன. கவனித்தவுடன் பக்கத்திலேயே “தூக்கத்தில் எழுதியது” என்று ஜெர்மனில் குறித்துவைத்திருக்கிறார். இதைவிட என்ன கையெழுத்து வேண்டும்? இரண்டாவதுக்கு ஆசிரியர் கைப்பிரதி கிடையாது. சி மேஜர் ஓபோ கான்செர்ட்டோவுக்கும் கிடையாது. இந்த இரண்டுக்கும் “ஹைடன் பெயரில் வழங்குவது” என்று எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வாசிப்பவர்கள் வாசிக்கட்டும், ஓபோக்காரர்கள் அதை விடவும் மாட்டார்கள்.

தம்பி நேற்றுத் திருத்திக் கொண்டுவந்தார். லியோபோல்ட் ஹோஃப்மான் என்று சரியாகப் போட்டிருந்தார், குறும்புப் பத்தி ஏதும் இல்லை. அட்டையைத் திருப்பினால் தலையில் விக் வைத்த ஹைடன் படம். ஹோஃப்மான் படம் எங்கேயும் அகப்படவில்லையாம். புல்லாங்குழல் படம் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.