எலக்ட்ரானிக் டிரம்ஸ்: முதலில் சென்சிட்டிவிட்டி, அப்புறம் வால்யூம்

எலக்ட்ரானிக் டிரம்ஸில் ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் முக்கிய டிரம்) சன்னமாகக் கேட்டால் புதிதாக வாசிப்பவர்கள் உடனே வால்யூமைத் திருகுவார்கள். பல நேரம் கோளாறு அங்கே இருக்காது. நாம் அடிக்கும் தட்டான பேடுக்குள் இருக்கும் பியசோ என்ற சிறு தகடு, அடியின் அதிர்வை மின்துடிப்பாக மாற்றி, ஒலியை உண்டாக்கும் பெட்டியான மாட்யூலுக்கு அனுப்புகிறது. மாட்யூல் அதற்கு 1 முதல் 127 வரை ஓர் எண் போடும். அதுதான் வெலாசிட்டி. எந்த அடிக்கு எந்த எண் என்பதை முடிவுசெய்வது சென்சிட்டிவிட்டி. ஆகவே வால்யூம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

முதலில் பேடின் மேல் உள்ள மெஷ் தோலை (வலை போன்ற பரப்பு) பாருங்கள். டிரம் சாவியால் எதிரெதிர்த் திருகுகளாக மாற்றி மாற்றி, ஒரே சீராக இறுக்குங்கள். தோல் தொய்ந்திருந்தால் எந்த செட்டிங்கும் சரிப்படாது. ரப்பர் பேடுக்கு இந்த வேலை இல்லை.

அடுத்து மாட்யூலில் டிரிகர் மெனுவை (பேடின் அடியை மாட்யூல் எப்படி உணர வேண்டும் என்று அமைக்கும் இடம்) திறந்து, உங்கள் பேட் வகையைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மெதுவாக, நடுத்தரமாக, முழு பலத்தோடு என்று மூன்று விதமாக அடித்துத் திரையில் அளவுகோலைக் கவனியுங்கள். முழு பலத்துக்கு மட்டும் அது உச்சியைத் தொட வேண்டும். நடுத்தர அடிக்கே தொட்டால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். எவ்வளவு அடித்தும் தொடவில்லை என்றால் கூட்டுங்கள். லேசாகத் தட்டினாலே கணீரென்று கேட்கிறதே என்று கூட்டி வைத்துக்கொள்வது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா அடியும் ஒரே மாதிரி ஒலிக்கும், கையும் அதற்கே பழகிவிடும்.

மெல்லிய தட்டல்கள் பதிவாகவில்லையா? த்ரெஷோல்டை, அதாவது அடியாக ஏற்கப்படும் குறைந்தபட்ச பலத்தை, குறையுங்கள். யாரோ நடந்தாலே ஒலி வருகிறதா? கூட்டுங்கள். ஓர் அடிக்கு இரண்டு ஒலி வந்தால் அந்த இரண்டாவது ஒலியைத் தடுக்கும் ரீட்ரிகர் கேன்சலைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

டாமை அடித்தால் சிம்பலும் சேர்ந்து ஒலிப்பது கிராஸ்டாக். இரண்டும் ஒரே ரேக்கில் (பேடுகளைத் தாங்கும் சட்டம்) இருப்பதால் அதிர்வு கடந்து போகிறது. மெனுவுக்குப் போகும் முன் கிளாம்ப்களை இறுக்குங்கள், பேடுகளைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிராஸ்டாக் கேன்சலை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். அளவு மீறினால், இரண்டு பேடை ஒன்றாக அடிக்கும்போது மெல்லிய அடி காணாமல் போகும்.

சரி, இனி வால்யூம். கிக் (காலால் மிதித்து ஒலிக்கும் டிரம்), ஸ்நேர் இரண்டையும் முதலில் சமன் செய்து, மற்றவற்றை அவற்றுக்கேற்ப வையுங்கள். ஹை-ஹாட்டை (மிதியால் மூடித் திறக்கும் சிம்பல்) நினைப்பதைவிடக் குறைவாகவே வைக்கலாம். பல மாட்யூல்களில் டிரிகர் செட்டிங் எல்லா கிட்டுக்கும் (மாட்யூலில் உள்ள ஒலித் தொகுப்பு) பொது; பேட் வால்யூமோ கிட்டுக்குக் கிட் தனி. கிட்டை மாற்றினால் ஒலியளவும் மாறுவது அதனால்தான். ஆம்ப் இணைப்பதாக இருந்தால் மாட்யூலை முதலில் ஆன் செய்து, ஆம்பைக் கடைசியில் ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது ஆம்ப் முதலில்.